டாக்டர் வருவதற்கு முன்பு
தேர்வுக்குத் தயாராகும் செவிலியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்,

பகல் டியூட்டி முடிந்து, சாப்பிட்டும் சாப்பிடாமலும் கோச்சிங் வகுப்புக்கு ஓடுகிறீர்கள். நைட் டியூட்டியில் இரண்டு மணி மருந்து கொடுத்து முடித்த பிறகு, நர்சஸ் ஸ்டேஷன் விளக்கடியில் போனை வைத்துக்கொண்டு பயிற்சிக் கேள்விகளுக்கு விடை போடுகிறீர்கள். அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ போக என்க்ளெக்ஸ், எய்ம்ஸ் வேலைக்கு நார்செட் என்று ஆளுக்கொரு தேர்வு. அந்தக் கேள்விகளை உங்களைப் போன்றவர்களோடு உட்கார்ந்து நெடுங்காலம் பிரித்துப் பார்த்த செவிலியர் ஆசிரியை என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

உங்களில் பலருக்குப் பாடம் தெரிகிறது. டிஜாக்ஸின் கொடுக்கும் முன் நாடி பார்க்க வேண்டும், பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேராகத் தள்ளக் கூடாது, ஹெப்பாரினுக்கு மாற்று மருந்து புரோட்டமின் சல்பேட் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். அப்படியிருந்தும் மாதிரித் தேர்வில் மதிப்பெண் ஏறுவதில்லை. அதற்குக் காரணம் ஞாபக மறதி இல்லை. நம் வார்டுகள் நம்மைக் காத்திருக்கப் பழக்கியிருக்கின்றன. ஆர்டர் வரட்டும், ரவுண்ட்ஸ் வரட்டும், இன்-சார்ஜ் சிஸ்டர் சொல்லட்டும் என்று நிற்கப் பழகிய கையிடம், ‘இப்போது முதலில் என்ன செய்வாய்?’ என்று இந்தத் தேர்வு கேட்கிறது. அந்த ஒரு கேள்விக்குப் பழகாமல் எத்தனை ஆயிரம் கேள்விகளைப் போட்டாலும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

என்க்ளெக்ஸ் 2023 ஏப்ரல் 1 முதல் மாறியிருக்கிறது. கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட் என்று நீங்கள் தினமும் கேட்கும் சொல் தேர்வின் நடுவில் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். ஒவ்வொருவருக்கும் ஆறாறு கேள்விகள் கொண்ட மூன்று கேஸ் ஸ்டடி கட்டாயம் வரும். ஒரே நோயாளி, ஒரே கேஸ் ஷீட். நேரம் நகர நகரப் புதுத் தகவல் சேரும். ஆறு கேள்விகளும் ஆறு படிகள். கண்ணில் படுவதில் எது முக்கியம் என்று கண்டுகொள்வது முதல் படி. கண்டதைச் சேர்த்துப் பொருள் காண்பதும், அதில் எது ஆபத்தானது என்று வரிசைப்படுத்துவதும், என்னென்ன செய்யலாம் என்று யோசிப்பதும் அடுத்தடுத்து வரும். பிறகு செய்ய வேண்டும். செய்தது பலித்ததா என்று திரும்பிப் பார்க்க வேண்டும். இந்தப் படிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. நல்ல செவிலியர் ஒருவரின் பின்னால் ஒரு ஷிஃப்ட் முழுக்க நடந்தால் இவற்றைக் கண்ணாலேயே பார்க்கலாம். பாட்ரிசியா பென்னர் 1984-இல் எழுதிய நூலும், கிறிஸ்டின் டேனர் 2006-இல் எழுதிய கட்டுரையும் இதைப் பற்றித்தான். அனுபவமுள்ள செவிலியர் எதைக் கவனிக்கிறார், அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்றுதான் அவர்கள் எடுத்துச் சொன்னார்கள்.

ஒரு கேஸை எடுத்துக்கொள்வோம். நானே அமைத்த கேஸ்தான், ஆனால் எந்த சர்ஜிக்கல் வார்டிலும் இருக்கக்கூடிய அம்மா. வயது 58, எடை 60 கிலோ. கர்ப்பப்பை அகற்றும் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள் சாயங்காலம். காய்ச்சல் 38.4 டிகிரி செல்சியஸ். நாடி 112. மூச்சு நிமிடத்துக்கு 24. பி.பி. 104/60, ஆபரேஷனுக்கு முன் அவருக்கு வழக்கமாக 140/90. ஆக்ஸிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் 94 சதவீதம். யூரின் பையில் கடைசி ஒரு மணி நேரத்தில் 20 மில்லி. தையல் வலி பத்துக்கு ஐந்து. இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை. சர்க்கரை 168. மருமகள் வந்து, “அத்தை ஒரு மாதிரி பேசறாங்க சிஸ்டர், என்னையே அவங்க தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிடறாங்க” என்கிறார்.

இதை வகுப்பில் கொடுத்தால் விடைகள் துண்டு துண்டாக வருகின்றன. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வலிக்கு ஊசி, யூரின் குறைந்தால் கத்தீட்டர் மடங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, மலச்சிக்கலுக்கு மருந்து, வயதானவர் இடம் மாறிப் படுத்ததால் குழப்பம். தனித்தனியே பார்த்தால் எதுவும் பிழையில்லை. சேர்த்துப் பார்க்க வேண்டியதைப் பிரித்துப் பார்த்ததுதான் பிழை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய ‘நியூஸ் 2’ என்ற முன்னெச்சரிக்கை மதிப்பீட்டை இந்த அம்மாவுக்குப் போட்டுப் பாருங்கள். மூச்சுக்கு 2, சாச்சுரேஷனுக்கு 1, பி.பி.க்கு 1, நாடிக்கு 2, காய்ச்சலுக்கு 1, புதிதாக வந்த குழப்பத்துக்கு 3. மொத்தம் 10. அந்த மதிப்பீட்டில் 7 தொட்டாலே அவசர நிலை. தனியாகப் பார்த்தால் யாரையும் எழுந்து ஓட வைக்காத எண்கள் கூடிச் சேர்ந்து செப்சிஸ் என்கின்றன. 60 கிலோ உடம்பு மணிக்கு 30 மில்லியாவது யூரின் கொடுக்க வேண்டும் என்ற கணக்கும் அதையே சொல்கிறது.

அந்தப் பத்தில் அதிகப் புள்ளி எதற்குக் கிடைத்தது? மருமகளின் வாய்ச்சொல்லுக்கு. நம் வார்டில் கூட இருப்பவர்கள் தினமும் இதைச் சொல்கிறார்கள். ‘ஒரு மாதிரி இருக்காங்க’, ‘காலைல இருந்த மாதிரி இல்ல’, ‘தூங்கிக்கிட்டே இருக்காரு’. நாம் பாதி நேரம், ‘போங்கம்மா, வர்றேன்’ என்று அனுப்பிவிடுகிறோம். வேலை நெருக்கடியில் அது நடக்கும், தெரியும். ஆனால் நோயாளியின் இயல்பு நிலையை அறிந்தவர் அந்த உறவினர்தான். காலையில் நோயாளி எப்படி இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. கேஸ் ஸ்டடியில் குடும்பத்தார் சொன்ன ஒரு வரி வந்தால் அலங்காரத்துக்கு வந்தது என்று தாண்டாதீர்கள்.

அடுத்தது மூச்சு. நம் நாட்டில் எத்தனையோ சார்ட்டுகளில் எல்லா நோயாளிக்கும் மூச்சு 20. நாடிக்கும் பி.பி.க்கும் கருவி இருக்கிறது. மூச்சை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து மனிதர்தான் எண்ண வேண்டும். அதனால் அது எண்ணப்படாமல் போகிறது. உடம்பு சரிவதை மற்ற பல அளவுகளுக்கு முன்பே காட்டிக்கொடுப்பது மூச்சு. தேர்வுக்குத் தயாராகும் இந்த மாதங்களில் ஒன்று மட்டும் செய்யுங்கள்: உங்கள் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு நிமிடம் முழுதாக எண்ணி எழுதுங்கள். நாடி பிடித்திருப்பது போலவே கையை வைத்துக்கொண்டு எண்ணினால், அவர்கள் தங்கள் மூச்சைக் கவனித்து மாற்ற மாட்டார்கள். 18-க்கும் 24-க்கும் என்ன வேறுபாடு என்று கண் பழகிவிட்டால், கேள்வித்தாளில் 24 என்று பார்த்ததும் உள்ளே ஏதோ உறுத்தும். அந்த உறுத்தலை எந்தப் புத்தகமும் தராது.

இனி, டாக்டரைக் கூப்பிடுவது. நான்கு விடைகளில் ‘மருத்துவருக்குத் தெரிவிக்கவும்’ என்று ஒன்று இருந்தால் நம்மவர்கள் பெரும்பாலும் அதில் போய் விழுகிறார்கள். நமக்குக் கற்றுத்தந்த பணிவு அது. ஆனால் போனுக்கு முன் நம் கை செய்ய வேண்டிய வேலை பல நேரம் இருக்கும். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது குளிர் நடுக்கமும் முதுகு வலியும் வந்தால் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது. பிறகு அந்தக் குழாயையும் மாற்றி, புதுக் குழாயில் நார்மல் சலைன் போட்டு நரம்பு வழியைத் திறந்து வைப்பது. அதன் பிறகுதான் போன். பிரசவம் முடிந்து ரத்தம் அதிகமாகப் போகிறது, வயிற்றில் கை வைத்தால் கர்ப்பப்பை மெத்தென்று இருக்கிறது என்றால் முதலில் அதை மசாஜ் செய்ய வேண்டும். அது வலது பக்கம் ஒதுங்கியிருந்தால் மூத்திரப்பை நிரம்பியிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். பி.பி. நன்றாக இருக்கிறதே என்று அந்த இளம் தாயை விட்டு நகரக் கூடாது. வயதில் சின்னவர்களின் உடம்பு கணிசமான ரத்தத்தை இழக்கும் வரை பி.பி.யைப் பிடித்து நிறுத்தும். நாடிதான் முதலில் ஓடும். இன்சுலின் போட்டவர் வியர்த்து நடுங்குகிறார், சர்க்கரை 54, ஆனால் நினைவோடு விழுங்குகிறார் என்றால் 15 கிராம் சர்க்கரை வாய் வழியாக. 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அதையே வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும். ஒரே எண், ஒரே நோய்; விடை மட்டும் நோயாளியின் நினைவைப் பார்த்து மாறுகிறது.

டாக்டரைக் கூப்பிடுவது எப்போதும் தப்பான விடை என்று சில கோச்சிங் வகுப்புகளில் சொல்லித்தருகிறார்களாம். அதையும் நம்பாதீர்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்தாகிவிட்டது, நம் கையால் செய்யக்கூடியதைச் செய்தாகிவிட்டது, அல்லது நம் அதிகாரத்தில் செய்ய ஒன்றுமில்லை என்ற நிலையில் கூப்பிடுவதுதான் சரியான விடை. மேலே சொன்ன அம்மாவுக்கு எண்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. இன்னும் ஒருமுறை பி.பி. பார்க்கிறேன் என்று நேரம் கடத்தினால் உயிர் போகும். அங்கே முதல் வேலை போன்தான். எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம். “டாக்டர், பன்னிரண்டாம் பெட்டுக்குக் காய்ச்சல்” என்றால், “பாராசிட்டமால் கொடுங்க” என்றுதான் பதில் வரும். “டாக்டர், பன்னிரண்டாம் பெட் அம்மாவுக்கு செப்சிஸோன்னு சந்தேகமா இருக்கு. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாவது நாள். பி.பி. 140-லேர்ந்து 104-க்கு இறங்கிருக்கு, மூச்சு 24, யூரின் 20 மில்லிதான், இப்பத்தான் குழப்பம் வந்திருக்கு. நீங்க உடனே வந்து பார்க்கணும். அதுக்குள்ள பிளட் கல்ச்சர் எடுத்து வைக்கட்டுமா, ஃப்ளூயிட் ஆரம்பிக்கட்டுமா?” என்று கேட்டுப் பாருங்கள். நிலைமை, பின்னணி, நம் கணிப்பு, நாம் கேட்பது என்ற எஸ்பார் முறை அதுதான். செப்டிக் ஷாக் என்றால் ஆன்டிபயாடிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். முடிந்தால் கல்ச்சர் அதற்கு முன். அந்த ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு நிமிடமும் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தைப் பொறுத்தது. கோபித்துக்கொள்ளும் டாக்டர்கள் உண்டு. ஆனால் எண்களோடு பேசும் சிஸ்டரின் போனை அலட்சியம் செய்வது எளிதல்ல.

நம் பழக்கம் தேர்வோடு மோதும் இன்னொரு இடம் பேச்சு. ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஓர் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, ‘பொழைச்சிடுவேனா சிஸ்டர்?’ என்கிறார். நம் வாயில் உடனே வருவது, ‘ஒண்ணும் ஆகாதும்மா, பயப்படாதீங்க.’ அன்பில் சொல்கிறோம். என்க்ளெக்ஸில் அது பொய்யான ஆறுதல், மதிப்பெண் கிடையாது. ‘எதை நினைச்சு பயமா இருக்கு, சொல்லுங்க’ என்று உட்கார்ந்து கேட்பதே விடை. இது வெள்ளைக்காரப் பழக்கம், நம் ஊருக்கு ஒத்துவராது என்று மாணவிகள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டுப் பாருங்கள். ‘போன தடவை மயக்க ஊசி போட்டப்ப மூச்சு அடைச்சுது’ என்று அந்த அம்மா சொல்லலாம். யாரும் கேட்காததால் எந்தக் கேஸ் ஷீட்டிலும் ஏறாத செய்தி அது. கேட்பதும் பரிசோதனைதான்.

வேலையைப் பிரித்துக் கொடுக்கும் கேள்விகள் நம்மவர்களைத் தடுமாற வைப்பதில் வியப்பில்லை. அமெரிக்க வார்டில் பதிவு பெற்ற செவிலியர், அவருக்குக் கீழே பிராக்டிகல் நர்ஸ், அதற்கும் கீழே உதவியாளர் என்று அடுக்கு உண்டு. முதல் பரிசோதனை, நோயாளிக்குக் கற்பித்தல், பலன் பார்த்தல் மூன்றையும் செவிலியர் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது. நிலை மாறாமல் இருப்பவரின் வழக்கமான வேலைகளைக் கொடுக்கலாம். நம் வார்டில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, பெட்பேன் வைப்பதெல்லாம் உறவினர் கையில் போய்விட்டது. யாரிடம் எதை ஒப்படைக்கிறோம் என்று நாம் யோசிப்பதேயில்லை. ஸ்ட்ரோக் வந்து சேர்ந்தவருக்கு விழுங்கும் திறனைச் சோதிக்கும் முன்பே மகள் பாசத்தோடு ஒரு வாய் காபி கொடுத்துவிடுகிறாள். அதைத் தடுத்துச் சொல்வது செவிலியர் வேலை. இப்படி நம் வார்டிலேயே தேடினால் அந்தக் கேள்விகளும் பிடிபடும்.

நீங்கள் உடனே எழுப்பும் மறுப்பு எனக்குத் தெரியும்: அங்கே ஒரு நர்ஸுக்கு நாலைந்து பேஷண்ட், இங்கே முப்பது நாற்பது பேர், தேர்வில் வரும் நர்ஸுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. நியாயமான பேச்சு. கலிஃபோர்னியாவில் மெடிக்கல், சர்ஜிக்கல் வார்டில் ஒரு செவிலியருக்கு ஐந்து நோயாளிக்கு மேல் கூடாது என்பது 2005 முதல் சட்டம். லிண்டா ஐகனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு, ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடும்போது, அறுவை நோயாளிகளுக்கு மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளில் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று சொன்னது. நம் வார்டுகளில் போதிய செவிலியர் இல்லாதது அநியாயம். அதை எதிர்த்துப் பேச வேண்டும், பேசிக்கொண்டும் இருக்கிறோம்.

ஆனால் அதே நெருக்கடி உங்களுக்கு ஒன்றைக் கற்றுத்தந்திருக்கிறது. நாற்பது பெட் வார்டில் ராத்திரி ஒருமுறை நடந்து வந்தாலே எந்தப் பெட் பக்கம் அடிக்கடி போக வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. யார் முதலில், யார் பிறகு என்ற கேள்வியை ஒரு ஷிஃப்டில் பலமுறை தீர்மானிக்கிறீர்கள். தேர்வு கேட்பதும் அதைத்தான். நீங்கள் தீர்மானித்ததன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் மட்டும் இல்லை, ஏனென்றால் இதுவரை உங்களிடம் யாரும் காரணம் கேட்டதில்லை. ஹேண்டோவரின்போது ஜூனியரிடம், ‘ஆறாம் பெட்டை அடிக்கடி பார்த்துக்கோ’ என்று சொல்வதோடு நிற்காமல், ‘ஏன்னா’ என்று தொடங்கி ஒரு வாக்கியம் சேருங்கள். தமிழிலேயே சொல்லுங்கள். காரணம் தெளிவாக இருந்தால் ஆங்கிலத்தில் விடையைத் தேடுவது பெரிய காரியமில்லை.

பயிற்சி முறை பற்றி ஓரிரு சொல். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கேள்வி போட்டேன் என்று பெருமைப்படுவதை விட்டுவிடுங்கள். நாற்பது போதும். கேள்வியைப் படித்ததும் விடைகளைக் கையால் மூடிக்கொண்டு, இந்த நோயாளி என் வார்டில் இருந்தால் என்ன செய்வேன் என்று முதலில் சொல்லிப் பாருங்கள். பிறகு திறந்து பாருங்கள். சரியாகப் போட்ட கேள்விக்கும் ரேஷனேல் படியுங்கள். மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்று சொல்ல முடியாவிட்டால் அது குருட்டுவாக்கில் கிடைத்த மதிப்பெண். தவறானவற்றுக்கு ஒரு நோட்டு வையுங்கள். பாடம் தெரியாமல் தவறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தவறியதா, எல்லாம் தெரிந்தும் வரிசை மாறித் தவறியதா என்று பக்கத்தில் எழுதுங்கள். சில வாரங்களில் உங்கள் பலவீனம் எங்கே என்று அந்த நோட்டே காட்டும். ‘மேலும் கற்பித்தல் தேவை என்பதை எந்த வாக்கியம் காட்டுகிறது’ என்ற வகைக் கேள்வியில் தவறான வாக்கியத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மறந்து மதிப்பெண் இழப்பவர்கள் நிறைய.

போன மாதம் வந்த கேள்விகள் என்று வாட்ஸ்அப்பில் விலைக்கு வருபவற்றைத் தொடாதீர்கள். தேர்வுக் கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று ஒவ்வொரு தேர்வரும் ஒப்புக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். மீறினால் தேர்வு முடிவே ரத்தாகலாம். தவிர, ஒவ்வொருவரின் விடையையும் பார்த்து அடுத்த கேள்வியைக் கணினி தேர்ந்தெடுக்கும் தேர்வு என்க்ளெக்ஸ். உங்களுக்கு வரப்போவது உங்களுக்கான வரிசை. கேள்வி கடினமாகிக்கொண்டே போகிறதே என்று நடுவில் கலங்கவும் வேண்டாம். நீங்கள் ஏறக்குறைய பாதிக்குப் பாதி சரியாகச் சொல்லும் அளவுக்கு அது கேள்விகளைக் கடினமாக்கிக்கொண்டே வரும். குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, மொத்தம் ஐந்து மணி நேரம். 85-இல் நின்றாலும் 150 வரை போனாலும் அதை வைத்து முடிவை ஊகிக்க முடியாது.

நார்செட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. அங்கே தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். அதனால் துணிந்து ஊகிப்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். படிக்கும் விதத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

கடைசியாக, என்க்ளெக்ஸை ஒருமுறை எழுதித் தோற்றுவிட்டு, வீட்டில் சொல்லவும் முடியாமல் இருப்பவர்களுக்கு. அமெரிக்காவுக்கு என்றால் பதிவுக் கட்டணம் 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதற்கு மேலும் 150 டாலர்; சம்பளத்திலிருந்து சேர்த்த பணம், கடன் வாங்கிய பணம் என்பது தெரியும். மறுபடி எழுத 45 நாள் இடைவெளி வேண்டும். தோற்றவர்களுக்கு ஒரு செயல்திறன் அறிக்கை வரும். அதைப் பார்க்கவே பிடிக்காமல் பலர் மூடி வைத்துவிடுகிறார்கள். திறந்து பாருங்கள். எந்தப் பகுதியில் தேர்ச்சி அளவுக்குக் கீழே, எதில் ஒட்டி, எதில் மேலே என்று பகுதி பகுதியாக இருக்கும். கீழே இருக்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மருந்து சார்ந்த பகுதி என்றால் நாளை டியூட்டியில் மருந்து டிரேயைத் தூக்கும்போது ஒவ்வொரு மாத்திரைக்கும், இது இவருக்கு எதற்கு, கொடுக்கும் முன் என்ன பார்க்க வேண்டும், கொடுத்த பின் எதற்காகத் திரும்பி வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டே போங்கள். உடல்நிலை மாற்றங்கள் சார்ந்த பகுதி என்றால் லேப் ரிப்போர்ட்டை ஃபைலில் சொருகும் முன் நேற்றைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட் பக்கம் போகும்போது பாக்கெட்டில் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். உங்கள் இன்-சார்ஜ் சிஸ்டரிடம் காரணம் கேளுங்கள். அவர் அனுபவமும் உங்களுக்கு வேண்டும். சந்தேகம் தீராத கேஸ் இருந்தால், நோயாளியின் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எண்களையும் நீங்கள் செய்ததையும் மட்டும் எழுதிக்கொண்டு வகுப்புக்கு வாருங்கள். எல்லோருமாக உட்கார்ந்து பிரித்துப் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் மூத்த செவிலியர் ஆசிரியை